லினக்ஸ் லேப்டாப்புக்கு யூஎஸ்பி மானிட்டர்: டைப்-சியா, ஹெச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளேலிங்க்கா?

போன வாரம் கூட வேலை பாத்த தம்பி ஒருத்தன் போன் பண்ணி, "அண்ணா, வீட்ல இருந்துதான் வேலை, லேப்டாப் ஸ்க்ரீன் போதவே மாட்டேங்குது, யூஎஸ்பில மாட்டுற சின்ன மானிட்டரா மூணு பாத்து வெச்சிருக்கேன், உபுண்டுல ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டான். லிங்க் அனுப்புடான்னு சொன்னேன். திறந்து பாத்தா மூணுக்கும் பேர்ல யூஎஸ்பின்னு இருக்கு, மூணும் பாக்க ஒரே மாதிரி 15.6 இன்ச், ஆனா உள்ள மூணும் மூணு ஜாதி. ஒண்ணு மாட்டுன உடனே படம் வந்துடும். இன்னொண்ணுக்கு டிரைவர் போட்டு கெர்னலோட (லினக்ஸோட மையப் பகுதி) மல்லுக்கட்டணும். மூணாவதுக்கு யூஎஸ்பி வழியா கரண்ட் மட்டும்தான் போகும், படம் தனி கேபிள்ல வரணும். விற்கிறவங்க இந்த வித்தியாசத்தை எங்கயுமே தெளிவா போடல, "விண்டோஸ், மேக் சப்போர்ட்"னு ஒரு வரி, அவ்ளோதான்.

இதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்க நிறைய பேர். காசு போட்டு வாங்கிட்டு, ஸ்க்ரீன் கறுப்பாவே இருக்கேன்னு ராத்திரி 12 மணிக்கு டெர்மினல்ல உக்காந்திருப்பாங்க. அவங்க மேல தப்பே இல்ல, சாக்கெட் ஒரே மாதிரி இருந்தா யாருக்குத்தான் குழப்பம் வராது. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன்.

## எதை வெச்சு முடிவு பண்றது

நான் முதல்ல பாக்குறது, டிரைவர் கெர்னலுக்கு உள்ள இருக்கா வெளிய இருக்காங்குறது. உள்ள இருந்தா நீங்க எந்த டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா மாதிரி லினக்ஸ் வகை) போட்டாலும், எத்தனை தடவை அப்டேட் பண்ணாலும் அது கூடவே வந்துடும். வெளிய இருந்து போடுறதுன்னா ஒவ்வொரு கெர்னல் மாறும்போதும் அது புதுசா பில்ட் ஆகணும், ஆகலன்னா அன்னைக்கு உங்களுக்கு ரெண்டாவது ஸ்க்ரீன் கிடையாது. வேலைக்கு நம்பி இருக்குற ஆளுக்கு இதுதான் பெரிய விஷயம், விலை எல்லாம் அப்புறம்.

அடுத்தது, படத்தை யாரு அனுப்புறாங்குறது. 1920 பெருக்கல் 1080 ஸ்க்ரீன்னா ஒரு ஃப்ரேமுக்கு கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளி, புள்ளிக்கு 3 பைட், அப்ப ஒரு ஃப்ரேம் 6.2 எம்பி. செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா 373 எம்பி, அதாவது ஏறக்குறைய 3 கிகாபிட். யூஎஸ்பி 2.0 ஓட மொத்த வேகமே 480 மெகாபிட்தான், யூஎஸ்பி 3.0 னா 5 கிகாபிட். இந்தக் கணக்க மனசுல வெச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். டிஸ்ப்ளேபோர்ட், ஹெச்டிஎம்ஐ ரெண்டும் படத்துக்குன்னே இருக்குற பாதை, ஜிபியு (படத்துக்கான சிப்) நேரா அதுல ஊத்திடும். யூஎஸ்பி டேட்டாவா அனுப்பணும்னா யாராவது அந்தப் படத்தைச் சுருக்கி, பொட்டலம் கட்டி, அனுப்பணும். அந்த யாராவதுங்குறது உங்க சிபியு.

மூணாவது கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் கணக்குப்படி 2.5 வாட் தரும், 3.0 போர்ட் 4.5 வாட். டைப்-சி போர்ட் 5 வோல்ட்லயே 15 வாட் வரைக்கும் தரலாம், ஆனா தரணும்னு எல்லா லேப்டாப்புக்கும் கட்டாயம் இல்ல. மானிட்டர் எங்க இருந்து கரண்ட் எடுக்கும், எடுத்தா லேப்டாப் பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும், இதையும் பாக்கணும்.

கடைசியா மறைஞ்சிருக்குற செலவு. கேபிள், அடாப்டர், ஹப், சார்ஜர், அதோட உங்க நேரம். நேரத்த நிறைய பேர் கணக்குலயே சேக்குறதில்ல. ஆயிரம் ரூபா மிச்சம் பண்ணப் போய் ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சுன்னா அது மிச்சமா?

## வழி 1: டைப்-சி ஆல்ட் மோட்

உங்க லேப்டாப்ல இது இருந்தா மேல படிக்கவே வேண்டாம், இதுக்கே போயிடுங்க.

2014ல, டிஸ்ப்ளே தரங்கள வகுக்குற வெசா அமைப்பு டைப்-சி கனெக்டருக்குள்ள டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல அப்படியே அனுப்ப ஒரு முறை கொண்டுவந்துச்சு, அதுக்குப் பேருதான் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட். பேருக்குத்தான் யூஎஸ்பி, அந்த கேபிளுக்குள்ள படம் யூஎஸ்பி டேட்டாவா போறதே இல்ல, ஜிபியுல இருந்து வர்ற அசல் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னல்தான் ஓடுது. லினக்ஸுக்கு இது டிஸ்ப்ளேபோர்ட்ல மாட்டுன சாதாரண மானிட்டர்தான். தனி டிரைவர் கிடையாது, ஸ்க்ரீன்ல படம் வரையுற அமைப்பு வேலண்டா எக்ஸ் 11ஆங்குற கவலை கிடையாது, உபுண்டு, ஃபெடோரா, மின்ட், ஆர்ச் எதுவா இருந்தாலும் செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே திறந்தா ரெண்டாவது கட்டம் வந்து நிக்கும்.

சிக்கல் என்னன்னா எல்லா டைப்-சி போர்ட்லயும் இது இல்ல. விலை கம்மியான லேப்டாப்ல டைப்-சி இருக்கும், ஆனா வெறும் டேட்டாவுக்கு மட்டும் இருக்கும், பென்டிரைவ் ஓடும், சில சமயம் சார்ஜ் கூட ஏறாது. எப்படிக் கண்டுபிடிக்கிறது? போர்ட் பக்கத்துல என்ன சின்னம் அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. மின்னல் சின்னத்தோட தண்டர்போல்ட்னு இருந்தா படம் வரும். டி எழுத்துக்குள்ள பி இருக்குற டிஸ்ப்ளேபோர்ட் சின்னம் இருந்தாலும் வரும். யூஎஸ்பி4 னு ஸ்பெக்ல போட்டிருந்தாலும் வரும். வெறும் யூஎஸ்பி சின்னம் மட்டும்னா சந்தேகம்தான், சில கம்பெனி சின்னமே போடாம உள்ள வசதிய குடுத்திருக்கும், அதனால மாடல் நம்பர் வெச்சு ஸ்பெக் ஷீட்ட பாத்துடுங்க.

லினக்ஸ்லயே ஒரு துப்பு இருக்கு. டெர்மினல்ல சிஸ் ஃபோல்டர், அதுக்குள்ள கிளாஸ், அதுக்குள்ள டிஆர்எம் (/sys/class/drm), அங்க என்னென்ன பேர் இருக்குன்னு பாருங்க. இடிபி-1 னு இருக்குறது லேப்டாப்போட சொந்த ஸ்க்ரீன். ஹெச்டிஎம்ஐ-ஏ-1 னா ஹெச்டிஎம்ஐ. டிபி-1, டிபி-2 னு இருக்கு ஆனா லேப்டாப் உடம்புல டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டையே இல்லன்னா, அது டைப்-சிக்குள்ள போற பாதையா இருக்க நல்ல வாய்ப்பு. இதையே முழு சாட்சியா எடுத்துக்காதீங்க, சில இன்டெல் லேப்டாப்ல ஹெச்டிஎம்ஐயோட சேந்தே ஒரு டிபி பேரும் தெரியும். உறுதியா தெரியணும்னா ஒரே வழி, யார்கிட்டயாவது சாதா டைப்-சி டு ஹெச்டிஎம்ஐ அடாப்டர் கடன் வாங்கி, வீட்டு டிவில மாட்டிப் பாருங்க. படம் வந்தா முடிஞ்சது கதை.

இப்ப கேபிள் விஷயம், இதுல நானே ஒரு சாயங்காலம் முழுக்க தொலைச்சிருக்கேன். புது மானிட்டர், லேப்டாப்ல தண்டர்போல்ட் சின்னம் பளிச்சுன்னு இருக்கு, ரெண்டையும் டைப்-சி கேபிளால இணைச்சேன், மானிட்டர்ல லைட் எரிஞ்சுது, லோகோ வந்துச்சு, அப்புறம் "நோ சிக்னல்"னு எழுதிட்டு அணைஞ்சுபோச்சு. கெர்னல் லாக்க பாத்தேன், ஒண்ணும் இல்ல. கெர்னல மாத்துனேன், பயாஸ் அப்டேட் பண்ணேன், ஜிபியு செட்டிங் ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தேன். ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து பாத்தா, நான் மாட்டி இருந்தது போன் சார்ஜரோட வந்த வெள்ளைக் கேபிள், மானிட்டர் பெட்டில வந்த தடிமனான கறுப்புக் கேபிள் அட்டைக்கு அடியில பிரிக்காம அப்படியே கெடக்கு. போன் கேபிள்ல கரண்டுக்கும் யூஎஸ்பி 2.0 டேட்டாவுக்கும் மட்டும்தான் கம்பி இருக்கும், வேகமான ஜோடிக் கம்பிங்க உள்ளயே இருக்காது, படம் போறதுக்கு அதுதான் வேணும். கறுப்பை மாட்டுன ரெண்டாவது செகண்ட்ல படம் வந்துச்சு. அதுல இருந்து யார் கேட்டாலும் நான் சொல்ற முதல் வார்த்தை, பெட்டில வந்த கேபிளையே மாட்டு.

இன்னும் ரெண்டு விஷயம் இதுல கவனிக்கணும். ஹப் அல்லது டாக் நடுவுல போட்டா, யூஎஸ்பி 3 டேட்டாவுக்கும் இடம் குடுக்குறதுக்காக டைப்-சி கேபிள்ல இருக்குற நாலு வேகப் பாதைல ரெண்டு மட்டும்தான் படத்துக்கு கிடைக்கும், பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அளவுல இருக்குற லேப்டாப்னா 4கே மானிட்டர் 60 ஹெர்ட்ஸுக்கு பதிலா 30ல நிக்கும், மவுஸ் நகத்துனாலே தெரியும். 1080பி மானிட்டருக்கு இந்தக் கவலை இல்ல. ரெண்டாவது, என்விடியா கார்டு இருக்குற கேமிங் லேப்டாப் பலதுல டைப்-சி போர்ட் நேரா அந்த என்விடியா கார்டுல போய் முடியும், அதனால மானிட்டர் மாட்டுன நேரம் பூரா அந்த கார்டு முழிச்சிட்டே இருக்கும், பேட்டரி வேகமா இறங்கும், என்விடியா டிரைவர் ஒழுங்கா இல்லன்னா படமும் வராது.

கரண்ட் போற ஊர்ல இருக்குறவங்களுக்கு இதுல ஒரு தனி வசதி. டைப்-சி மானிட்டர் லேப்டாப் பேட்டரில இருந்தே ஓடும், தனி பிளக் இல்ல, மழை நேரத்துல கரண்ட் போனாலும் ரெண்டு ஸ்க்ரீனும் அப்படியே நிக்கும். பேட்டரி சீக்கிரம் தீரும், அது உண்மை, ஆனா வீடியோ கால் நடுவுல ஸ்க்ரீன் அணையாது.

## வழி 2: ஹெச்டிஎம்ஐல படம், யூஎஸ்பில கரண்ட்

இதைப் பத்தி யாரும் பெருசா பேசுறதில்ல, ஆனா ஆல்ட் மோட் இல்லாத லேப்டாப்புக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். இப்ப வர்ற போர்ட்டபிள் மானிட்டர் பெரும்பாலானதுல டைப்-சியோட ஒரு மினி ஹெச்டிஎம்ஐ ஓட்டையும் இருக்கும். லேப்டாப் ஹெச்டிஎம்ஐல இருந்து படம், கரண்டுக்கு ஒரு யூஎஸ்பி கேபிள். லினக்ஸ் பக்கம் பாத்தா ஆல்ட் மோட் மாதிரியே, டிரைவர் கெர்னலுக்குள்ள, ஜிபியு நேரா அனுப்புது, 60 ஹெர்ட்ஸ், லேக் இல்ல. அஞ்சாறு வருஷ பழைய லேப்டாப்ல கூட கண்ண மூடிட்டு நம்பலாம்.

ரெண்டு கேபிள் ஏன்னா, ஹெச்டிஎம்ஐலயும் 5 வோல்ட் கம்பி ஒண்ணு இருக்கு, ஆனா அதுல வர்றது மானிட்டர் எரிய பத்தவே பத்தாது. கரண்ட லேப்டாப்போட யூஎஸ்பி-ஏ (பழைய அகல) போர்ட்ல இருந்து எடுத்தா சில மானிட்டர் பிரைட்னஸ தானா குறைச்சுக்கும், சிலது ஆன் ஆகி ஆன் ஆகி அணையும். அதைப் பாத்து மானிட்டர் கெட்டுப்போச்சுன்னு ரிட்டர்ன் போட்டவங்க இருக்காங்க. போன் சார்ஜர்ல மாட்டுங்க, இல்ல பவர் பேங்க்ல மாட்டுங்க, நின்னு எரியும்.

குறைன்னு பாத்தா மேஜைல கம்பி கூடும், மினி ஹெச்டிஎம்ஐ முனை கொஞ்சம் மென்மையானது, பையில போட்டு அடிக்கடி தூக்கிட்டுப் போனா ஓட்டை லூஸ் ஆகும். அப்புறம் லேப்டாப்ல இருக்குறது ஒரே ஹெச்டிஎம்ஐ, அதுல ஏற்கனவே 24 இன்ச் மானிட்டர் மாட்டி இருக்கீங்கன்னா இந்த வழி உங்களுக்கு அடைஞ்சுபோச்சு. கைல எடுத்துட்டுப் போற தேவையே இல்ல, வீட்லயேதான் இருக்கப் போகுதுன்னா போர்ட்டபிளே எதுக்கு, அதே காசுக்கு பெரிய சாதா மானிட்டர ஹெச்டிஎம்ஐல மாட்டிடுங்க, கண்ணுக்கு நல்லது. யூஎஸ்பிங்குற வார்த்தைய மறந்துட்டு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

## வழி 3: டிஸ்ப்ளேலிங்க்

இங்கதான் விஷயம் நிறைய, குழப்பமும் நிறைய, அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

டிஸ்ப்ளேலிங்க்குங்குறது இங்கிலாந்து கேம்பிரிட்ஜ்ல ஆரம்பிச்ச கம்பெனி, 2020ல சினாப்டிக்ஸ் அதை வாங்கிடுச்சு. அவங்க சிப் மானிட்டருக்குள்ளயோ டாக்குக்குள்ளயோ இருக்கும். லேப்டாப் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் ஸ்க்ரீன்ல மாறுன பகுதிய மட்டும் எடுத்து, சுருக்கி, யூஎஸ்பி டேட்டாவா அனுப்பும், அந்த சிப் விரிச்சு படமாக்கும். இதோட பெரிய பலம், எந்த யூஎஸ்பி போர்ட்டா இருந்தாலும் போதும், ஆல்ட் மோட் வேண்டாம், ஜிபியுல காலி அவுட்புட் வேண்டாம், யூஎஸ்பி-ஏல கூட மூணாவது நாலாவது மானிட்டர் வரைக்கும் போகலாம். சாதனத்த மாட்டிட்டு எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கமாண்ட் போட்டு, ஐடி 17இ9 (17e9) ல ஆரம்பிச்சா அது டிஸ்ப்ளேலிங்க். இந்த நாலு எழுத்த குறிச்சு வெச்சுக்குங்க.

இதுல ரெண்டு தலைமுறை இருக்கு, லினக்ஸ்காரங்களுக்கு ரெண்டும் வேற வேற உலகம்.

பழைய யூஎஸ்பி 2.0 சிப். டிஎல்-120, டிஎல்-160, டிஎல்-165, டிஎல்-195 இந்த வரிசை. 2009ல டிஸ்ப்ளேலிங்க்கே இதுக்கான சோர்ஸ வெளிய விட்டாங்க, அப்புறம் டேவ் ஏர்லி எழுதுன யூடிஎல்ங்குற டிரைவர் 2012ல கெர்னல் 3.4 ஓட உள்ளயே வந்துடுச்சு. அதனால இன்னைக்கு ஏஓசி இ1649எஃப்டபிள்யூயூ மாதிரி பழைய யூஎஸ்பி 2.0 மானிட்டர் கையில கிடைச்சா, மாட்டுனாலே கெர்னல் அதை அடையாளம் கண்டுக்கும், ஒரு பேக்கேஜும் வேண்டாம். பழைய கெர்னல்ல டிரைவர் ஏறுன உடனே மானிட்டர் முழுக்க பச்சையா நிக்கும், அதைப் பாத்து பயந்துடாதீங்க, டிரைவர் வேலை செய்யுது, படம் இன்னும் வரலன்னு அர்த்தம். இந்த ஏஓசில ரெசல்யூஷன் 1366 பெருக்கல் 768, கரண்டுக்கு ரெண்டு யூஎஸ்பி போர்ட்ல மாட்டுற ஒய் கேபிள் வரும். மேல போட்ட கணக்கு ஞாபகம் இருக்குல்ல, 480 மெகாபிட்ல 60 ஃப்ரேம் முழுசா ஓடாது. டெர்மினல், லாக் ஃபைல், பிடிஎஃப், சாட் விண்டோ இதெல்லாம் சரியா இருக்கும். வீடியோ ஓட விட்டீங்கன்னா விட்டு விட்டு நகரும். பழைய பொருளா சல்லிசா கிடைச்சா, சர்வர் லாக் பாக்க ஒரு பக்கத்து ஸ்க்ரீனா நான் தாராளமா வாங்குவேன்.

புது யூஎஸ்பி 3.0 சிப். டிஎல்-3000, 5000, 6000 வரிசை எல்லாம் இதுல வரும். இதுக்கு கெர்னலுக்குள்ள இருக்குற யூடிஎல் ஒத்து வராது. 2015ல உபுண்டுவுக்குன்னு டிஸ்ப்ளேலிங்க் ஒரு டிரைவர் விட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் அதுதான் வழி. அதுல ரெண்டு துண்டு. இவிடிஐங்குறது கெர்னல் மாடியூல் (கெர்னலோட சேர்ற துண்டு), சோர்ஸ் திறந்திருக்கு, இல்லாத ஒரு மானிட்டர் இருக்குற மாதிரி சிஸ்டத்துக்கு காட்டும். டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர்ங்குறது பின்னாடி ஓடுற புரோகிராம், சோர்ஸ் மூடி இருக்கு, படத்த சுருக்கி அனுப்புறது அதுதான். உபுண்டுன்னா அவங்களே தர்ற பேக்கேஜ் இருக்கு, ஃபெடோரா, ஆர்ச்ல ஆளுங்க தாங்களா பேக்கேஜ் பண்ணி வெச்சிருக்காங்க.

இன்ஸ்டால் பண்றது பெரிய விஷயமில்ல. முதல் தடுமாற்றம் செக்யூர் பூட்ல வரும். இவிடிஐ வெளிய இருந்து பில்ட் ஆகுற மாடியூல், கையெழுத்து இல்லாத மாடியூல செக்யூர் பூட் ஆன்ல இருந்தா கெர்னல் ஏத்தாது. உபுண்டுல இன்ஸ்டால் நடக்கும்போதே ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும், பல பேர் ஏதோ ஒண்ணு அடிச்சுட்டு மறந்துடுறாங்க. அடுத்த ரீஸ்டார்ட்ல நீல ஸ்க்ரீன் ஒண்ணு வரும், ஏதாவது கீய அழுத்துன்னு 10 செகண்ட் எண்ணிட்டே இருக்கும், நீங்க அந்த நேரம் டீ போட எந்திரிச்சுப் போனா அது தானா போயிடும், மாடியூல் ஏறாது, மானிட்டர் கறுப்பாவே இருக்கும். அங்க உக்காந்து கீய அழுத்தி, என்ரோல் எம்ஓகே (Enroll MOK)ங்குறத எடுத்து, அந்தப் பாஸ்வேர்ட அடிக்கணும். ஒரு தடவை பண்ணிட்டா அதோட சரி.

ரெண்டாவது தடுமாற்றம் கெர்னல் அப்டேட். டிகேஎம்எஸ்ங்குற கருவி ஒவ்வொரு புது கெர்னலுக்கும் இவிடிஐய பில்ட் பண்ணப் பாக்கும். கெர்னலுக்குள்ள டிஆர்எம்ங்குற டிஸ்ப்ளே பகுதி அடிக்கடி மாறுறதால, புத்தம் புது கெர்னல் வந்த கொஞ்ச நாள் இவிடிஐ அதுக்கு தயாரா இருக்காது, பில்ட் உடையும். உபுண்டு எல்டிஎஸ், டெபியன் ஸ்டேபிள் மாதிரி மெதுவா நகர்ற டிஸ்ட்ரோல இது அரிதா வரும். ஆர்ச், ஃபெடோரால நீங்க இதுக்கு தயாராவே இருக்கணும். பழைய கெர்னல அழிக்காம வெச்சிருங்க, பூட் ஆகும்போது வர்ற கிரப் மெனுல போய் அதை எடுத்து பூட் பண்ணிக்கலாம். ஆர்ச்ல எல்டிஎஸ் கெர்னலையும் கூடவே போட்டு வைங்க. ஆபீஸ் மீட்டிங் இருக்குற காலைல அப்டேட் கொடுக்காதீங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுங்க.

மூணாவது சிபியு. ஸ்க்ரீன் சும்மா நின்னா ஒண்ணும் தெரியாது. வேகமா ஸ்க்ரோல் பண்ணும்போதோ, வீடியோவ பெருசாக்கும்போதோ டாப் கமாண்ட்ல பாருங்க, டிஸ்ப்ளேலிங்க் மேனேஜர் மேல ஏறி நிக்கும், ஃபேன் சத்தம் கேக்கும். 4 கோர் பழைய லேப்டாப்ல வீடியோ கால் ஒரு பக்கம், ஸ்க்ரீன் ஷேர் ஒரு பக்கம், டிஸ்ப்ளேலிங்க் ஒரு பக்கம்னு ஓடுனா மூச்சு வாங்கும். கேம் ஆடவோ, வீடியோ எடிட் பண்ணவோ இந்த ஸ்க்ரீன் வேண்டாம். கோட், மெயில், எக்செல் மாதிரி ஷீட், டாக்குமென்ட், இதுக்கெல்லாம் நல்லாவே தாங்கும்.

வேலண்ட் பக்கம் க்னோம், கேடிஇ டெஸ்க்டாப் ரெண்டுலயும் ஓடுது. எக்ஸ் 11ல அவுட்புட் தானா வரலன்னா எக்ஸ்ராண்டர்ங்குற கமாண்ட்ல புரொவைடர் லிஸ்ட் பாத்து சோர்ஸ இணைச்சு விடணும், இப்ப பெரும்பாலும் அந்த அவசியம் வர்றதில்ல. ஸ்வே மாதிரி சின்ன விண்டோ மேனேஜர் வெச்சிருக்கவங்க முதல்ல விசாரிச்சுட்டு வாங்குங்க, அங்க தொல்லை ஜாஸ்தி. லேப்டாப்ப தூங்க வெச்சு எழுப்புனா மானிட்டர் எழுந்திருக்காம இருக்குறதும் நடக்கும், கேபிள பிடுங்கி மாட்டுனா இல்ல டிஸ்ப்ளேலிங்க் சர்வீஸ ரீஸ்டார்ட் பண்ணா வந்துடும்.

இவ்ளோ சொல்லிட்டு, அப்ப இதை யாருதான் வாங்குறதுன்னா, வேற வழியே இல்லாதவங்க. ஒரே ஹெச்டிஎம்ஐ, டைப்-சில படம் இல்ல, ஆனா மூணு ஸ்க்ரீன் வேணும். இல்ல ஆபீஸ் மேஜைல ஏற்கனவே டிஸ்ப்ளேலிங்க் டாக் வெச்சுட்டாங்க, எல்லா லேப்டாப்பும் அதுலதான் மாட்டணும். டிஎல்-6950 சிப் இருக்குற டாக் ரெண்டு 4கே மானிட்டர 60 ஹெர்ட்ஸ்ல ஓட்டும், ஒரே யூஎஸ்பி கேபிள்ல அது சின்ன விஷயம் இல்ல. இந்த நிலைமைல இருக்கவங்க தயங்காம போடுங்க, உபுண்டு எல்டிஎஸ்ல இருந்துக்குங்க, நிம்மதியா ஓடும்.

இடையில ஒண்ணு. ஏசஸ் எம்பி16ஏசி மாதிரி சில மானிட்டர்ல ரெண்டு வழியும் இருக்கு. டைப்-சி ஆல்ட் மோட்ல மாட்டுனா டிரைவரே வேண்டாம், கூட வர்ற யூஎஸ்பி-ஏ முனைய போட்டு மாட்டுனா அதே மானிட்டர் டிஸ்ப்ளேலிங்க்கா மாறி டிரைவர் கேக்கும். ஒருத்தருக்கு "மாட்டுனேன், ஓடுச்சு", இன்னொருத்தருக்கு "லினக்ஸ்ல வேலைக்கே ஆகாது"ன்னு ஒரே மானிட்டருக்கு ரெண்டு விதமா ரிவ்யூ வர்றது இதனாலதான். ரிவ்யூ படிக்கும்போது அவங்க எந்தப் போர்ட்ல மாட்டுனாங்கன்னு பாருங்க.

## வழி 4: மலிவு யூஎஸ்பி டு ஹெச்டிஎம்ஐ டாங்கிள்

சுருக்கமா சொல்றேன், லினக்ஸுக்கு வேண்டாம். பெட்டில "யூஎஸ்பி 3.0 டு ஹெச்டிஎம்ஐ"ன்னு மட்டும் இருக்கும், சிப் பேர் இருக்காது. மாட்டுனா மானிட்டருக்கு பதிலா ஒரு சிடி டிரைவ் மாதிரி ஐகான் வரும், உள்ள விண்டோஸ் செட்டப் ஃபைல் ஒண்ணு இருக்கும், அதோட நிக்கும். இதுல அடிக்கடி வர்றது ஃப்ரெஸ்கோ லாஜிக்கோட எஃப்எல்2000, இல்லன்னா மேக்ரோசிலிக்கானோட எம்எஸ்912எக்ஸ் வரிசை. முதலாவதுக்கு லினக்ஸ் டிரைவர் சோர்ஸ் வெளிய இருக்கு, ஆனா பழைய கெர்னலோட நின்னுபோன ஒண்ணு. ரெண்டாவதுக்கு ஆர்வலர்கள் எழுதுன டிரைவர் உண்டு, அதுவும் கெர்னலுக்கு வெளிய. சோர்ஸ தட்டிக் கொட்டி பில்ட் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு சரி, மத்தவங்களுக்கு அந்த டாங்கிள் டிராயர்ல தூங்கும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல நேர்ல வாங்குறீங்கன்னா லேப்டாப்ப கையோட எடுத்துட்டுப் போங்க, மாட்டிக் காட்டச் சொல்லுங்க, எல்எஸ்யூஎஸ்பில ஐடி பாத்துட்டு அப்புறம் காசு குடுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

## வழி 5: டேப்லெட், பழைய போன், ராஸ்பெரி பை

கைல ஒரு டேப்லெட் சும்மா இருக்கு, அதையே ரெண்டாவது ஸ்க்ரீனா ஆக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு, ஆக்கலாம். டெஸ்க்ரீன் மாதிரி புரோகிராம் போட்டா டேப்லெட் பிரவுசர்லயே ஸ்க்ரீன் தெரியும். ஆனா மிரர் பண்றது சுலபம், எக்ஸ்டெண்ட் பண்ணணும்னா ஒரு பொய் ஹெச்டிஎம்ஐ பிளக்கோ விர்ச்சுவல் டிஸ்ப்ளேயோ தனியா ஏற்பாடு பண்ணணும். வைஃபைல போறதால மவுஸ் ஒரு அடி பின்னாடியே வரும். ஒரு பிடிஎஃப் திறந்து வெச்சு பாத்துட்டே டைப் பண்ண போதும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க. செலவு இல்லாததால, எனக்கு ரெண்டாவது ஸ்க்ரீன் நிஜமாவே தேவைதானான்னு ஒரு வாரம் ஓட்டிப் பாக்க இது நல்ல வழி.

கையால செஞ்சு பாக்குற ஆசை இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. 2021ல கெர்னல் 5.13ல ஜியுடிங்குற பொதுவான யூஎஸ்பி டிஸ்ப்ளே டிரைவர் உள்ள வந்துச்சு, நோரால்ஃப் ட்ரோன்னெஸ் எழுதுனது. ராஸ்பெரி பை ஜீரோவ லேப்டாப் யூஎஸ்பில மாட்டி, அந்த பைல ஒரு மானிட்டர மாட்டுனா, லேப்டாப்புக்கு அது யூஎஸ்பி டிஸ்ப்ளேவா தெரியும். வேகம் கம்மிதான், ஆனா லேப்டாப் பக்கம் மூடுன டிரைவர் எதுவும் இல்லாம, எதுவும் இன்ஸ்டால் பண்ணாம ஓடுறதப் பாக்கும்போது மனசுக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கும். யூஎஸ்பி மானிட்டர் எல்லாமே இப்படித்தான் இருந்திருக்கணும்னு தோணும்.

## தம்பி கடைசில எதை எடுத்தான்

நாலு வருஷ பழைய லேப்டாப், ஒரு ஹெச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி, சின்னம் எதுவும் இல்ல. டிஆர்எம் ஃபோல்டர்ல இடிபி-1, ஹெச்டிஎம்ஐ-ஏ-1 ரெண்டு மட்டும்தான் இருந்துச்சு, டிபி பேரே இல்ல. பக்கத்து வீட்ல இருந்து டைப்-சி அடாப்டர் வாங்கி டிவில மாட்டிப் பாத்தான், படம் வரல. அதனால டைப்-சி மட்டும் இருந்த மானிட்டர் முதல்லயே கழிஞ்சுபோச்சு. டிஸ்ப்ளேலிங்க் மானிட்டர் ஓடி இருக்கும், ஆனா அவன் ஹெச்டிஎம்ஐ காலியா கெடக்கும்போது கெர்னலுக்கு வெளிய இருக்குற டிரைவர நம்பி எதுக்குப் போகணும்னு நான் சொன்னேன், அவனுக்கும் அது சரின்னு பட்டுச்சு. மினி ஹெச்டிஎம்ஐ இருக்குறத எடுத்தான். கரண்ட் பழைய போன் சார்ஜர்ல இருந்து.

நேத்து போட்டோ அனுப்பி இருந்தான், லேப்டாப்ல மீட்டிங், பக்கத்துல புது ஸ்க்ரீன்ல டெர்மினல் முழு உயரத்துக்கு நிக்குது. அவன் லேப்டாப்ல டைப்-சில படம் வந்திருந்தா நான் வேற பதில் சொல்லி இருப்பேன், ஹெச்டிஎம்ஐல ஏற்கனவே ஒரு மானிட்டர் இருந்திருந்தா டிஸ்ப்ளேலிங்க்கையே வாங்கச் சொல்லி இருப்பேன். அதனால வாங்குறதுக்கு முன்னாடி அந்த டிஆர்எம் ஃபோல்டரையும், போர்ட் பக்கத்துல இருக்குற சின்னத்தையும், உங்க ஹெச்டிஎம்ஐ காலியா இருக்கான்னும் பாத்துட்டு வாங்க. ஆன்லைன்ல வாங்குனா ரிட்டர்ன் நாள் முடியுறதுக்குள்ள ஒரு தடவை சஸ்பெண்ட் பண்ணி எழுப்பியும், ஒரு தடவை கெர்னல் அப்டேட் பண்ணியும் பாத்துடுங்க, அட்டைப்பெட்டிய அதுவரைக்கும் தூக்கிப் போடாதீங்க.